150 எழுத்தில் ஒரு பையன்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர ஆசைப்படுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் நிரப்புவது ஒரே விண்ணப்பத்தைத்தான். காமன் ஆப் என்பார்கள். 1975-ல் 15 கல்லூரிகள் கூடி ஆரம்பித்தது; இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் போக, அதில் 'செயல்பாடுகள்' என்று ஒரு பகுதி உண்டு. 10 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று சொல்ல 50 எழுத்து, எந்த அமைப்பு என்று சொல்ல 100 எழுத்து, அங்கே என்ன செய்து கிழித்தீர்கள் என்று சொல்ல 150 எழுத்து. சொல்லுக்கு நடுவில் விடுகிற இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் 150 எழுத்து என்றால் 25 சொல் தேறுவதே கஷ்டம். அப்புறம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்கும். கீழே விருதுகளுக்கு 5 கட்டம், தலா 100 எழுத்து. பள்ளி அளவா, மாநில அளவா, தேசிய அளவா, சர்வதேச அளவா என்று டிக் அடிக்க வேண்டும்.

நாலு வருஷம் சென்னையில் எனக்குச் சம்பளம் கொடுத்தது இந்தக் கட்டங்கள்தான். வெளிநாட்டுச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை, எல்லா நிறுவனமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவதைச் சுருக்கி, செதுக்கி, 150-க்குள் உட்கார வைப்பது என் வேலை. 'உதவினேன்' என்று இருந்தால் 'வழிநடத்தினேன்' ஆக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முடியாது என்று பிள்ளையே சொல்லிவிட்டால் நல்லது. பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா முடியும் என்பார்.

எனக்கு இந்த உலகமே புதுசு. நான் ப்ளஸ் டூ முடித்தபோது இருந்தது ஒரே ஒரு எண். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு எவ்வளவு. பேச்சுப் போட்டியில் வாங்கின எவர்சில்வர் தட்டுகளும் சோப்பு டப்பாக்களும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. "கவுன்சிலிங்ல இதையா கேக்கப் போறான்?" என்று அம்மா அதில் இரண்டு தட்டை எடுத்து இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். அம்மா சொன்னது சரி. யாரும் கேட்கவில்லை.

நிறுவனத்தில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுவார்கள். விண்ணப்பம் கேட்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் என்பதால் கடிகாரம் அங்கே ஓட ஆரம்பிக்கும். முதல் வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்குவார்கள். லோகோ வரும், இணையதளம் வரும், ஏதாவது ஒரு அரசுப் பள்ளியில் நாப்கின் கொடுத்து எடுத்த போட்டோ வரும். இரண்டாம் வருஷம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. காசு கட்டினால் போடுகிற பத்திரிகைகள் இதற்கென்றே இருக்கின்றன. மூன்றாம் வருஷம் அமெரிக்காவில் ஒரு கோடை வகுப்பு. இதைக் கேலியாகச் சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் கேலி நிற்காது. அவர்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் கிடையாது.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். பத்துக் கட்டத்தில் ஒன்பது நிரம்பிவிட்டது. பத்தாவதுக்கு என்ன போடலாம் என்று கேட்டபோது அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா, "அதெல்லாம் எதுக்கு, சர்ட்டிஃபிகேட் எதுவும் இல்லையே" என்றார். 'அது' என்னவென்று தோண்டியதில், மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ப் பறவை பார்த்திருக்கிறாள். இ-பேர்ட் தளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் ஏற்றியிருக்கிறாள். எந்த மாதம் எந்த வாத்து வரும், குப்பைமேட்டுப் பக்கம் எது ஒதுங்கும் என்று கால் மணி நேரம் மூச்சுவிடாமல் சொன்னாள். மற்ற ஒன்பது கட்டத்தைப் பற்றிப் பேசியபோது அந்தக் குரல் இல்லை. எங்கள் தலைமை ஆலோசகர் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னார், விருது எதுவும் இல்லை என்பதால். முக்கியத்துவ வரிசையில் அடுக்கச் சொல்கிறது விண்ணப்பம். அவள் வாழ்க்கையில் முதலாவது, விண்ணப்பத்தில் பத்தாவது.

சரி, மார்க்கை வைத்துக்கொண்டு முடித்துவிடாமல் எதற்கு இவ்வளவும் கேட்கிறார்கள்? அவர்கள் சொல்கிற காரணத்தில் கணக்கு இருக்கிறது. ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் வெளிவந்த தகவல்: ஒரே வருஷத்தில் விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்கள் 26,000 பேர் வரை. அதில் பள்ளி மதிப்பெண்ணில் முழுமை பெற்றவர்கள் மட்டுமே 8,000-க்கு மேல். இருக்கிற இடமோ சுமார் 1,600. மார்க்கை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. அதனால் படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பிடுகிறார்கள். 1 என்றால் உச்சம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005-ல் 'தி சோசன்' என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1920-கள் வரை ஹார்வர்டில் சேர முக்கியமாகத் தேர்வில் தேறினால் போதும். தேறினார்கள், குறிப்பாகக் குடியேறிய யூதர்களின் பிள்ளைகள். 1922 வாக்கில் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். தலைவர் லாரன்ஸ் லோவலுக்கு அது பொறுக்கவில்லை. நேரடியாக உச்சவரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. பிறகு 1926-ல் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: மார்க் மட்டும் போதாது, 'குணம்' பார்க்க வேண்டும், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும், விண்ணப்பத்தோடு போட்டோவும் வேண்டும். குணத்தை யார் அளப்பது? அவர்கள்தான். யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கை இறங்கியது. இன்றைக்கு நம்மூர்ப் பெற்றோர் லட்சக்கணக்கில் கட்டி வாங்குகிற 'தலைமைப் பண்பு', யாரையோ வாசலில் நிறுத்துவதற்காக நட்ட வேலியில் முளைத்தது.

நம்மிடம் இது இருந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது. 1970 வாக்கில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்வாகு, பொதுத்திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். பெரியகருப்பன் என்கிற மாணவரின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைப்புவாரியாக மதிப்பெண் போடாமல் மொத்தமாகப் போட்டிருப்பதைக் கண்டித்து, நிரப்பாமல் மீதியிருந்த இடங்களுக்குப் புதுக் குழு வைத்துத் தேர்வு நடத்தச் சொன்னது நீதிமன்றம். என் அம்மாவின் தலைமுறைக்கு 'இன்டர்வியூ' என்றாலே 'யாரைத் தெரியும்?' என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த ஒற்றை எண்ணின் மேல் நம் ஊருக்கு இருக்கிற பிடிவாதம் சும்மா வந்ததில்லை. எண்ணுக்குக் கண் கிடையாது, சாதி தெரியாது, சட்டையைப் பார்க்காது. கண் இல்லாததால் பள்ளிக்கரணை வாத்தும் தெரியாது, அது வேறு.

அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களின் பாடு இன்னும் சுவாரசியம். நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்கு வீடியோ காலில் பேசினால் பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தின கோடையில் அரங்கேற்றம் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அப்போதுதான் இலையுதிர்கால விண்ணப்பத்துக்கு முன்னால் மூச்சுவிட ஒரு வருஷம் கிடைக்கும். மண்டபம், பக்கவாத்தியம், அழைப்பிதழ், சாப்பாடு என்று ஒரு சின்னக் கல்யாணம். அங்கே வீட்டுக்கு வீடு பரதம் என்று ஆனபிறகு, படிக்கிற அதிகாரிக்கு இது நாற்பதாவது அரங்கேற்றம் என்று ஒரு பயமும் வந்துவிட்டது. "அதான் இவளைக் கத்திச்சண்டையில சேர்த்திருக்கேன்" என்றாள் சித்தி மகள். ஃபென்சிங்கைச் சொல்கிறாள்.

ஸ்பெல்லிங் பீ இன்னொரு வேடிக்கை. 1985-ல் பாலு நடராஜன் ஜெயித்ததுதான் இந்திய வம்சாவளியின் முதல் வெற்றி. 2019-ல் எட்டுப் பேர் கூட்டாக ஜெயித்தார்கள், அதில் ஏழு பேர் நம்மவர்கள். கல்லூரிக்காகத்தான் இப்படி மனப்பாடம் பண்ணுகிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தப் போட்டி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். விருதுக் கட்டமோ ஒன்பதிலிருந்துதான் ஆரம்பம். நாடே டி.வி.யில் பார்த்த வெற்றிக்கு அந்த ஐந்து கட்டத்தில் இடமில்லை. அந்தக் குழந்தைகள் வேறு எதற்காகவோதான் அகராதியோடு படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கிறது.

அதே ஹார்வர்டு வழக்கில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஆசிய அமெரிக்கப் பிள்ளைகள் படிப்பிலும் பிற செயல்பாட்டிலும் சராசரியாக நல்ல மதிப்பீடு வாங்கியிருந்தார்கள். 'குணநலன்' என்ற தலைப்பில் வெள்ளையர்களைவிடக் குறைவு. வேண்டுமென்றே செய்த பாகுபாடு இல்லை என்றது கீழ்நீதிமன்றம். 2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கிற முறையையே நிறுத்தியது. முன்னாள் மாணவரின் பிள்ளைக்குச் சலுகை, நன்கொடையாளரின் பிள்ளைக்குச் சலுகை, துடுப்புப் படகு ஓட்டுகிறவருக்குச் சலுகை எல்லாவற்றையும் அந்தத் தீர்ப்பு தொடவில்லை. படகு என்றதும் 2019-ல் வெடித்த மோசடியைச் சொல்லாமல் போக முடியாது. ரிக் சிங்கர் என்கிற ஆலோசகர் பணக்காரப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாக ஜோடித்துக் கல்லூரிகளுக்குள் அனுப்பினார். துடுப்புப் பயிற்சிக் கருவியில் உட்கார வைத்து எடுத்த போட்டோ எல்லாம் உண்டு. மூன்றரை வருஷம் சிறைத்தண்டனை. எங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தி வந்த வாரம் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை.

சட்டத்துக்கு உட்பட்டது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். ராஜ் செட்டி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர், 2023-ல் இரண்டு பேரோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐவி லீக் கல்லூரிகளையும் அவற்றுக்கு ஈடான வேறு சிலவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே அளவு எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட வருமானத்தில் உச்ச ஒரு சதவீதத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேருகிற வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். காரணம் மூன்று: முன்னாள் மாணவர் சலுகை, விளையாட்டு, அப்புறம் படிப்பு சாராத மதிப்பீடு. அதாவது என்னுடைய 10 கட்டம். இன்னொன்றும் சொன்னார்கள்: படிப்பு சாராத அந்த மதிப்பீடு, கல்லூரிக்குப் பிறகு அந்தப் பிள்ளை எப்படி வரும் என்பதைச் சொல்வதில்லை. மதிப்பெண் ஓரளவு சொல்கிறது.

இதைப் படித்த வருஷம்தான் அந்தப் பையன் வந்தான்.

என் அக்கா விருதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூன் மாதம் போன் பண்ணினாள். "ஒரு பையன் இருக்கான்டி. யூடியூப்ல எம்.ஐ.டி. பாடத்தைப் பாத்துட்டு வந்து என்கிட்ட சந்தேகம் கேக்குறான், எனக்கே தெரியல. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் முழுச் செலவும் அவங்களே பாப்பாங்களாமே? நீ கொஞ்சம் பாரேன்." பார்ப்பார்கள்தான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் எடுத்து, குறைகிற பணத்தை அவர்களே தருவார்கள். எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கிற வெளிநாட்டு மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைக்கும் என்பதையும் அவளிடம் சொன்னேன். "அந்த ரெண்டுல ஒண்ணா இவன் இருந்துட்டுப் போறான்" என்றாள். எஸ்.ஏ.டி. கட்டணத்தை அத்தான் கட்டினார்.

அலுவலக நேரம் முடிந்து இரவு பதினொன்றரைக்குத்தான் பேச முடியும். அவன் அப்போதுதான் வீட்டுக்கு வருவான்.

"ஸ்கூல் விட்டதும் என்ன பண்ணுவ தம்பி?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா."

"வீட்டுக்குப் போய்?"

"வீட்டுக்குப் போக மாட்டேன்க்கா, கடைக்குப் போயிருவேன்."

அப்பா பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். விருதுநகர் எண்ணெய் பரோட்டா. பையன் போய் மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, ஊறினதும் உருண்டை பிடித்து எண்ணெயில் போட்டு வைப்பான். அப்பா வீசுவார். கூட்டம் ஏறிவிட்டால் இலை போட்டு, சால்னா ஊற்றி, கணக்கும் அவன்தான். திங்கள் ஒரு நாள் லீவு. 'ஒண்ணும் பண்ண மாட்டேன்' என்றது இதைத்தான்.

"இதெல்லாம் போய் எழுதுவாங்களாக்கா?"

எழுதலாம். காமன் ஆப்பில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கிற பட்டியலில் 'குடும்பப் பொறுப்பு' என்று ஒன்று இருக்கிறது, 'சம்பள வேலை' என்றும் ஒன்று இருக்கிறது. நாலு வருஷத்தில் எங்கள் நிறுவனத்தில் யாரும் அந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. அப்பா சம்பளம் தருவாரா என்று கேட்டேன். "அப்பாகிட்ட யாராவது சம்பளம் வாங்குவாங்களாக்கா?" என்றான். ஆக, குடும்பப் பொறுப்பு.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோதான் நோட்டு வெளியே வந்தது. மீந்துபோகிற பரோட்டா பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன், சும்மா. முன்னே நிறைய மீறும், இப்போது மீறாது என்றான். ஏன்? ரெண்டு வருஷமாக எழுதி வைத்திருக்கிறான். என்றைக்கு எத்தனை கிலோ மாவு, எத்தனை உருண்டை, எத்தனை மீந்தது. மழையா, முகூர்த்த நாளா, புரட்டாசிச் சனிக்கிழமையா. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள், எத்தனை வாரத்துக்கு எவ்வளவு விழும் என்று தனியாக ஒரு பக்கம். அதை வைத்து மறுநாளைக்கு எத்தனை கிலோ என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். முதலில் அப்பா கேட்கவில்லை. ஒரு புரட்டாசியில் எட்டுக் கிலோ வீணாய்ப் போனபிறகு கேட்க ஆரம்பித்தார்.

"இதை ஏன் தம்பி முதல்லயே சொல்லல?"

"அது கணக்கு நோட்டுக்கா."

அந்த ராத்திரி உட்கார்ந்து 150-க்குள் கொண்டுவந்தோம். 147 வந்தது. புரட்டாசி சேரவில்லை. சபரிமலை மாலையை ஆங்கிலத்தில் விளக்கவே 60 எழுத்து போய்விடும். 'சூழலுக்கேற்பத் தேவையைக் கணித்து' என்கிற மாதிரி ஒரு வழவழ வாக்கியம்தான் கடைசியில் நின்றது. எனக்கு ஆறவில்லை. விருதுக் கட்டத்தில் போட எட்டாம் வகுப்பில் எழுதின தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வைச் சொன்னான். ஒன்பதிலிருந்து வருஷத்துக்கு 12,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதை விருது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான். "விருது இல்லக்கா, அது காசு."

650 சொல் கட்டுரைக்குத்தான் சண்டை. கஷ்டத்தைக் கொஞ்சம் சொன்னால் படிப்பவர்களுக்குச் சூழல் புரியும் என்று எனக்குத் தோன்றியது. தொழில் அப்படிப் பழக்கியிருந்தது. அவன் ரொம்ப மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொன்னான். "கடை நல்லாத்தான்க்கா ஓடுது. பாவம் பாத்துக் குடுக்கிறதா இருந்தா வேணாம்க்கா." கட்டுரை முழுக்க நோட்டைப் பற்றியே எழுதினான். எந்த இடத்திலும் ஏழை என்ற சொல் இல்லை. நான் பார்த்த கட்டுரைகளில் அதுதான் நல்ல கட்டுரை.

இங்கே ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் நிறுவனம் லட்சங்களுக்குச் செய்வதும் நான் இவனுக்குச் சும்மா செய்ததும் ஒரே வேலை. ஒரு பிள்ளை எதிரே உட்கார்ந்து 'அப்புறம், அப்புறம்' என்று கேட்க ஓர் ஆள். கேட்டதால்தான் நோட்டு வந்தது, வாத்து வந்தது. அந்த ஆள் இவனுக்குக் கிடைத்தது அக்காவால். அவன் வகுப்பில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களும் சாயங்காலம் எங்கேயோ போய் 'ஒண்ணும் பண்ணாமல்' இருந்திருப்பார்கள்.

எம்.ஐ.டி. முடிவை மார்ச் 14-ந் தேதி வெளியிடும், பை தினம். அங்கே சாயங்காலம் 6.28 என்றால் நமக்கு மறுநாள் விடியக்காலை 3.58. பொதுத்தேர்வு நேரம். அலாரம் வைத்து எழுந்து பார்த்திருக்கிறான். இல்லை. மாதக் கடைசியில் மற்ற நாலும் இல்லை. ஒன்று காத்திருப்புப் பட்டியல், அது அசையவே இல்லை. அக்கா அழுதாள். அவன், "சாரிக்கா, உங்க தூக்கமெல்லாம் போச்சு" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

கட்-ஆஃப் 190-க்கு மேல் வந்தது. பொறியியல் கவுன்சிலிங்கில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம், கட்டணமும் அரசே கட்டும். கிண்டி கிடைத்தது. எல்லாம் முடிந்து ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அந்த விண்ணப்பத்தில் கடையைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லையே என்று ஆதங்கப்பட்டேன். "எதுவும் கேக்காமக் குடுத்தாங்கல்லக்கா, அதுதான் நல்லாருந்துச்சு" என்றான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரே மார்க் எடுத்த இன்னொருவனும் இவனும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்த வரி, அவ்வளவுதான். அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு, ஹரியானாவில் அசோகா மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களும் இப்போது இதையெல்லாம் கேட்கிறார்களாமே என்று விசாரித்தான். தங்கச்சி ஒன்பதாம் வகுப்பு.

விடுதியில் இருந்தாலும் நோட்டு நிற்கவில்லை. அப்பா எழுதுகிறார், வாரம் ஒருமுறை தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புகிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு, லேபில் இருந்தாலும், போன் வருமாம். "இன்னைக்கு எத்தனை கிலோடா போட?" இவன் அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்வானாம்.